தொண்டைக்குத் தறி ஓட்டின வீடு

எனக்கு இருந்தது ஒண்ணும் பெரிய வியாதி இல்ல. மூக்குக்குப் பின்னாடி தண்ணி ஊறி, தொண்டையில சொட்டு சொட்டா இறங்கும். அதை மேல கொண்டாந்து துப்பணும், இல்ல முழுங்கணும். துப்பப் போனா சத்தம். முழுங்கினா வயிறு உப்பி, புளிச்ச ஏப்பம் வரும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நாலு வருஷம் குடித்தனம் பண்ணேன், குடியாத்தத்துல, அஞ்சு பவர்லூம் ஓடற வீட்டுல.

கல்யாணத்துக்கு முன்னாடி இது கெடையாது. நான் பொறந்தது ராணிப்பேட்டை. எங்கப்பா ஒரு தோல் பதனிடற கம்பெனியில, ஊர்ப் பேச்சுல ‘தோல் ஷாப்’புல, டைம் கீப்பர். காத்து எங்க தெருப் பக்கம் திரும்பினா வந்த விருந்தாளி மூக்கைப் பொத்திக்குவாங்க, எனக்கு ஒரு தும்மல்கூட வராது. எமர்ஜென்சி முடிஞ்ச அடுத்த வருஷம் இந்த லுங்கி நெய்யற வீட்டுக்கு மருமகளா வந்தேன். மூணாம் மாசம் ஆரம்பிச்சுது. தறிக்கூடத்தை ஒட்டினாப்பலதான் சமையல்கட்டு. பஞ்சு பறந்து வந்து அரிசி மேல, அடுப்பு மேல, என் தலை மேல உக்காரும். ரசத்துல பச்சை நூலு மிதக்கும். காலையில எழுந்து செரும ஆரம்பிச்சா பத்து மணி வரைக்கும் ஓயாது.

“தோல் ஷாப் சளிடா இது,” என்பாங்க மாமியார் எங்க வீட்டுக்காரர்கிட்ட, நான் பக்கத்துல நிக்கறப்பவே. “அப்பன் வூட்டுலருந்து நகை கம்மியா கொண்டாந்தா, சளி ஜாஸ்தியா கொண்டாந்துட்டா.” எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அதைக் கழுவி உள்ள வைக்கக் கூடாது, பின்கட்டுக் கல்லு மேல கவுத்து வைக்கணும். காக்கா வந்து அது மேல உக்காரும்.

வீட்டுக்காரர் ஒரு நாள் வேலூருக்குக் கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்தார். டாக்டரம்மா ரொம்பப் பொறுமையா சொன்னாங்க: நெஞ்சுல ஒண்ணும் கெடையாது, இது அலர்ஜி, பஞ்சுத் தூசிதான் காரணம், அடக்கி அடக்கி முழுங்கறதால வயிறும் கெட்டுப் போச்சு, தறி பக்கத்துல சமைக்காதீங்க. பஸ்ஸுல வர்றப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம். ஆம்பூருக்குப் போற மாதிரி ஒரு ஆள் தோல் மூட்டையோட ஏறினான், அந்த நாத்தத்தைக்கூட நெஞ்சு நிறைய இழுத்தேன்.

வீட்டுல வந்து சொன்னதும் மாமியார் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. “ஐயோ, நூலைப் போய் சொல்றாளே பாவி! ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சுக் கும்பிடற தறிடா. சோறு போடற நூலு நோவு குடுக்குமா? இவ பொறந்த ஊர் நாத்தத்துக்கு நம்ம தறியா பழி?” வீட்டுக்காரர் எக்ஸ்ரே கவரைப் பரண் மேல போட்டுட்டுத் தறியைப் பாக்கப் போய்ட்டார். இதுல வேடிக்கை இன்னான்னா, காலையில எங்க தெருவே செருமும். வீட்டுக்கு வீடு, திண்ணைக்குத் திண்ணை, ‘க்ர்ர்ஹும்’னு. அவங்களுக்கு அது உடம்புச் சூடு. எனக்கு மட்டும் டிபி.

அந்த வீட்டுல எனக்கு வெந்நீர் போட்டுக் குடுத்த ஒரே ஆள் நாத்தனார். என்னைவிட மூணு வயசு சின்னவ. அம்மாவுக்குத் தெரியாம சீரகம் போட்டுக் கொண்டாந்து குடுப்பா. நாலு பேர் கூடினா என்னை மாதிரியே செருமிக் காட்டி எல்லாரையும் சிரிக்கவும் வைப்பா. நல்லதும் பண்ணுவா, நக்கலும் பண்ணுவா. எனக்கு அவளைப் பிடிக்கும். அதையும் சொல்லிடறேன்.

அவளைப் பொண்ணு பாக்க அரக்கோணத்துலருந்து வர்றதா இருந்தாங்க. பையன் ரயில்வே. வர்றதுக்கு முன்னாடியே தரகர் கிட்ட கேட்டு அனுப்பியிருந்தாங்க, வீட்டுல யாருக்காவது நெஞ்சு நோவு உண்டான்னு. என் செருமல் அவங்க காதுல விழுந்தா சம்பந்தம் அவ்ளோதான். என்னை ராணிப்பேட்டைக்கு அனுப்பியிருக்கலாம். ஆனா பஜ்ஜி யார் போடறது? அதனால மாமியார் ஒரு யோசனை பண்ணாங்க. நான் பஜ்ஜி, கேசரி எல்லாம் முடிச்சுட்டுத் தறிக்கூடத்துல போய்க் கதவைச் சாத்திக்கணும். அஞ்சு தறியையும் ஓட விடுவாங்க. மருமக அம்மா வூட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லிடுவாங்க. பவர்லூம் சத்தத்துல இடி விழுந்தாலே கேக்காது, என் தொண்டை எந்த மூலை.

என் சங்கிலியைக் கழட்டி வாங்கி அவ கழுத்துல போட்டாங்க. அவ கண்ணாடியைப் பாத்துப் பொட்டு வச்சுக்கிட்டே, “அண்ணி, இன்னிக்கி மட்டும் உன் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிடாத,”ன்னு சொல்லி, செருமியும் காட்டினா. பக்கத்து வீட்டு அக்காங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். 

வந்தாங்க. நான் உள்ள நூல் பெட்டி மேல உக்காந்து, தறிச் சத்தத்துக்கு நடுவுல ஆசை தீரச் செருமினேன். நாலு வருஷத்துல அப்படி நிம்மதியா செருமினது அன்னிக்குத்தான்.

கரண்ட் போச்சு.

ஒரு தறி நின்னுச்சு, அப்புறம் எல்லாம் நின்னுச்சு. கூடத்துல தட்டுல ஸ்பூன் படற சத்தம்கூட எனக்குக் கேட்டுது. பையனோட அப்பா சொல்லிட்டிருந்தார், “எங்களுக்குப் பொண்ணைப் புடிச்சுப் போச்சுங்க. தையிலயே வச்சுக்கலாம்.” அப்புறம் பையனோட அம்மா, “மருமகளையும் பாத்துட்டுப் போகலாம்னு நெனச்சோம்.” அதுக்கு மாமியார், “அவ இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா! விடுங்க.”

தொண்டை நிறைஞ்சுது. மறைக்காம சொல்றேன், முழுங்கியிருக்கலாம். நாலு வருஷமா முழுங்கினவளுக்கு இன்னும் ஒரு வாய் பெரிசில்ல. நான் முழுங்கல. ஒண்ணு இல்ல, மூணு தடவ, அடிவயித்துலருந்து இழுத்துக் காறினேன். கூடவே ஒரு ஏப்பமும் வந்துச்சு.

“உள்ள யாரு?”ன்னு அந்தம்மா எழுந்து வந்து கதவைத் தள்ளிப் பாத்தாங்க. கண்ணுல தண்ணியோட நான். “நோவுக்காரியைப் பூட்டி வச்சுட்டு பொண்ணு குடுக்கறீங்களா?”ன்னாங்க. பஜ்ஜியைப் பாதியில வச்சுட்டுக் கெளம்பிட்டாங்க.

மாமியார் தொடப்பத்தோட வந்தாங்க. நாத்தனார் குறுக்கே நின்னா. பொட்டெல்லாம் அழிஞ்சு கெடந்துது. “அண்ணி, நெசமா சொல்லு. அடக்க முடியலையா?”

“முடியலம்மா,”ன்னேன்.

“அது இன்னா பண்ணும், உடம்பு. வுடும்மா,”ன்னு அம்மா கையிலருந்து தொடப்பத்தைப் பிடுங்கிப் போட்டா. என் முதுகைத் தடவி விட்டா.

சேதி ஊரெல்லாம் பரவிடுச்சு. அப்புறம் அந்த வாசல்ல ஒரு வரன் ஏறல. எட்டு வருஷம் வச்சிருந்து, ரெண்டு புள்ளைங்களோட இருந்த ஒருத்தனுக்கு ரெண்டாந்தாரமா குடுத்தாங்க. அதுக்கு நடுவுல நாங்க தனிக்குடித்தனமா ஆம்பூருக்குப் போய்ட்டோம், அதுவும் தோல் நாத்தம் அடிக்கற ஊர்தான், ஆனா தறி இல்லாத வீடு. ரெண்டே மாசத்துல தொண்டை சுத்தமாயிடுச்சு, வயிறும் சரியாயிடுச்சு.

நாத்தனார் வருஷத்துக்கு ஒரு தடவ வருவா. பையைக் கீழ வைக்கறதுக்கு முன்னாடியே கேப்பா, “அண்ணி, தொண்டை எப்படி இருக்கு? இன்னும் அடக்க முடியலையா?” நான் ரெண்டு தடவ செருமிக் காட்டுவேன்.