தூங்குகிறவரைச் சுற்றி ஒரு கோடு

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை தன் மகளோடு கரிக்கலாம்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தையின் கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. வீட்டிலேயே செய்து பார்க்கும் கைவேலைக்கு வேண்டிய எல்லாம் அதற்குள் இருந்தன. காகிதத்தை அவர்களே வெட்டி வைத்திருந்தார்கள். படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்று எண்ணும் போட்டிருந்தார்கள். குழந்தைக்கு என்னதான் வேலை மிச்சம் என்று நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாள். சரசரவென்று சத்தம். என் விரல் தானாக உதட்டுக்குப் போனது. "உஷ்" என்றும் சொல்லிவிட்டேன்.

"யாரு பெரியம்மா தூங்குறாங்க?" என்று கேட்டாள்.

யாரும் தூங்கவில்லை. இத்தனை வருடம் கழித்து அந்த "உஷ்" எனக்குள் எங்கே கிடந்தது என்று யோசித்தபோது சேதராப்பட்டில் போய் நின்றேன்.

பத்திரிகையில் சேர்ந்த புதிது. தொழிற்பேட்டைச் செய்திகளுக்கு அங்கேயே ஆள் இருந்தால் நல்லது என்று ஆசிரியர் சொன்னதால் சேதராப்பட்டில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் குடியேறினேன். காலையில் பேட்டையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, மாலை பஸ்ஸில் புதுச்சேரி அலுவலகத்துக்குப் போவேன். பெரிய புலனாய்வு எல்லாம் செய்யப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் மாதத்திலேயே சிறுவர் பக்கத்தில் 'வீட்டிலேயே செய்யலாம்' என்ற பகுதியை என் தலையில் கட்டினார்கள். "நீதான் பகல்ல வூட்ல சொம்மா இருக்கியே" என்றார் ஆசிரியர். எனக்கு நேராகக் கோடு போடக்கூட வராது. அது இன்றைக்கும் அப்படித்தான்.

முன்போர்ஷனில் வேலுவும் செல்வியும் இருந்தார்கள். வேலு பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் அச்சு வார்க்கும் கம்பெனியில் நைட் ஷிப்டு. செல்வி துணி தைக்கும் கம்பெனியில் பகல் வேலை. கணவன் வண்டியை நிறுத்தும் நேரத்தில் மனைவி டிபன் கேரியரோடு கிளம்புவாள். மூத்தவள் தேவி, நாலாம் வகுப்பு. இளையவன் சசி, அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தான். கோடை விடுமுறை. வெளியே வெயிலில் விட முடியாது. உள்ளே இருப்பதோ ஒரு கூடமும் ஒரு சமையலறையும். கூடத்தில் அப்பா தூங்குகிறார். என் போர்ஷனுக்கு அழைத்துக்கொள்ளலாம் என்றால், நடுச்சுவர் கூரைவரை எட்டவில்லை. இந்தப் பக்கம் ஸ்பூன் விழுந்தால் அந்தப் பக்கம் ஆள் எழுந்துவிடுவார்.

"கொஞ்சம் பாத்துக்கக்கா. அவுரு பகல்ல தூங்குனாதான் ராத்திரி மிசினுகிட்ட நிக்க முடியும்" என்றாள் செல்வி. அதோடு நிறுத்தவில்லை. "போன மாசம் வண்டி ஓட்டிக்கினு வரும்போதே கண்ண மூடிட்டாரு. வண்டி வயல்ல எறங்கிடுச்சி. சேறா இருந்ததால தப்பிச்சாரு. இதுவே ரோடா இருந்தா?"

அந்தக் கேள்வியை அவள் தினமும் கேட்டுக்கொள்வாள் என்று தோன்றியது.

இப்படித்தான் என் பகுதிக்கு இரண்டு சோதனையாளர்கள் கிடைத்தார்கள். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அது என்ன நிறம், என்ன வடிவம் என்று நான் பார்ப்பேன். அவர்கள் முதலில் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பேட்டையில் தூக்கிப் போட்ட தெர்மோகோல் துண்டுகளைப் பெருமையோடு கொண்டுவந்தேன். சசி ஒன்றை லேசாகத் தேய்த்தான். கிரீச். கூடத்திலிருந்து தூக்கக் குரலில் "இன்னா அது?" என்று கேட்டது. தெர்மோகோல் அன்றே வாசலுக்குப் போனது.

வெண்டைக்காயை நறுக்கி மையில் தொட்டு அச்சு வைப்பது சத்தமில்லாத வேலை. நூலைச் சாயத்தில் நனைத்து, மடித்த தாளுக்குள் வைத்து இழுப்பதும் அப்படியே. செய்தித்தாள்தான் தகராறு. கிழித்தால் தெருவுக்கே கேட்கும். தேவி ஒரு நாள் தாளைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கிழித்துப் பார்த்தாள். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதன் பிறகு நாங்கள் உட்கார்ந்திருந்த செல்வியின் சமையலறை முழுக்க ஈரத்தாளும் கஞ்சியும் அச்சு மையும் கலந்த புளிப்பு வாசனைதான். நான் விழுந்து விழுந்து எழுதிய செய்திகள் அரைபட்டுக் கிண்ணமாகவும் யானைத் தலையாகவும் ஆயின. ஒரு யானையின் காதில் என் பெயர் தலைகீழாகக் கிடந்தது. என் எழுத்துக்கு அதைவிடப் பெரிய ஆயுள் கிடைத்ததில்லை.

அந்தக் கோடையில் வந்த செய்முறைகளில் ஒன்றுகூடச் சத்தம் எழுப்பாது என்பதை வாசகர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒரு வாரம், கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அதை மயிலாக்குவது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்தேன். சசிக்குத் தன் மயில் குட்டியாக இருப்பதில் வருத்தம். பெரிய கை வேண்டும். பெரிய கை கூடத்தில், பாயை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்தால் தரையில் கீறாமல் வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்ததும் பளிச்சென்று வெளுக்கும் என்பதையும் தேவி ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தாள். சமையலறையிலிருந்து நான் எட்டிப் பார்த்தபோது அவள் கையை முடித்துவிட்டு, தோளைத் தாண்டி, தலையைச் சுற்றி, முதுகு வழியாக இறங்கிக்கொண்டிருந்தாள். வேலுவுக்குப் பாய் எப்போதும் உறுத்தும். பாதித் தூக்கத்தில் உருண்டு சிமெண்டுத் தரைக்கே வந்துவிடுவார். அதனால் கோட்டுக்குத் தடையே இல்லை.

எனக்கும் எங்கே போய் முடிகிறது பார்க்கலாம் என்றிருந்தது. நின்று பார்த்தேன். நடுவில் வேலு புரண்டு கையை மாற்றிப் போட்டார். தேவி சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தபடி மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். பிறகு புதுக் கையையும் வரைந்தாள்.

அன்றைக்குப் பார்த்து செல்வியின் கம்பெனியில் மின்சாரம் போய், மதியமே அனுப்பிவிட்டார்கள். வெயிலிலிருந்து வந்தவள் வாசற்படியில் நின்றாள். உள்ளே இருட்டில் தரை, தரையில் வெள்ளைக் கோடு, கோட்டுக்குள் கணவன்.

பேட்டைச் சாலையில் விபத்து நடந்தால் போலீஸ்காரர்கள் ஆள் விழுந்து கிடந்த இடத்தைச் சுற்றி இப்படித்தான் வெள்ளையாக வரைந்துவிட்டுப் போவார்கள். மழை வரும்வரை அது கிடக்கும். ஷிப்டுக்குப் போகிறவர்கள் அதை மிதிக்காமல் வண்டியை ஒடித்துப் போவார்கள். அந்த வாரம் திருப்பத்தில் ஒன்று இருந்தது. அதைத் தாண்டித்தான் செல்வி வந்திருக்கிறாள்.

அவள் கத்தவில்லை. கேரியர் கையிலிருந்து நழுவியது. அடுக்குகள் தனித்தனியாக உருண்டன. நாங்கள் ஒரு கோடை முழுவதும் கட்டிக் காத்த அமைதி அத்தோடு முடிந்தது. வேலு கண்ணைத் திறந்தார்.

"இன்னா, மணி ஆயிடுச்சா?"

செல்வி படியிலேயே உட்கார்ந்திருந்தாள். "மொதல்ல அதுலருந்து வெளில வாய்யா" என்றாள்.

"எதுலருந்து?"

குனிந்து பார்த்துவிட்டு, கோடு கலையாமல் காலைத் தூக்கி வைத்து வெளியே வந்தார். எதிரில் நின்று சிறிது நேரம் பார்த்தார். "இதுவா நானு? இன்னாடி இது, எறா மாதிரி சுருண்டு கெடக்கேன்."

"ஒனக்கு சோத்துக் கை ரெண்டுப்பா" என்றாள் தேவி.

"ஒண்ணு மிசினுக்கு, ஒண்ணு சோத்துக்கு."

செல்வி சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய் ஈரத்துணியோடு வந்து தலைப்பக்கம் குனிந்தாள். சசி அழ ஆரம்பித்தான். வாய் அகலமாகத் திறந்திருக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது, கண்ணீர் வழிகிறது. சத்தம் மட்டும் இல்லை. நான் அதற்கு முன்பும் அவன் அப்படி அழுது பார்த்திருக்கிறேன். வேலு பார்த்ததில்லை. பையன் அழுகிற நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

"ஏன்டா சத்தமே வர்ல?" என்றார். "டேய், நான் முழிச்சினுதான்டா இருக்கேன். வாய வுட்டு அழு."

சசி முயன்று பார்த்தான். வரவில்லை. அப்பா தரையில் உட்கார்ந்து அவனை மடியில் இழுத்துக்கொண்ட பிறகுதான் வந்தது, அதுவும் விக்கலாக.

செல்வியின் கையில் துணி அப்படியே இருந்தது. தண்ணீர் சொட்டித் தரையில் ஒரு சிறு வட்டம் ஆனது. பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இருக்கட்டும்" என்றாள் தேவியிடம். "ஆனா கண்ணு தொறந்த மாதிரி போடு."

தேவி போட்டாள். முட்டைக்கோஸ் அளவுக்கு இரண்டு கண்கள். மூக்கு வைக்க இடமில்லை. வேலு அந்த உருவத்துக்கு எதிர்ச்சுவர் ஓரமாகப் பாயை விரித்துப் படுத்தார். தூங்கினாரா என்று சொல்ல முடியாது. சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது செல்வி அவரிடம் என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் அவர் சூப்பர்வைசரிடம் பகல் ஷிப்டு கேட்டார் என்பது பிறகு தெரிந்தது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

கோடு நடக்க நடக்க அழிந்தது. வெள்ளிக்கிழமை செல்வி தரையைத் துடைத்தபோது மிச்சமும் போனது. துடைத்த ஈரம் காய்வதற்குள் அவள் ஒரு சாக்பீஸை எடுத்து, தலை இருந்த இடத்தில் இரண்டு கண்களை மட்டும் மறுபடி போட்டாள். தேவி போட்டதைவிட அவை நன்றாக இருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமையும் போட்டாள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் போட்டாள். வேலு தூங்கும்போது பக்கத்தில் அந்தக் கண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வீடு இப்போது இல்லை. கூரை எட்டாத சுவர் இருந்த இடத்தில் ஒரு கம்பெனி வேன் நிற்கிறது. வேலு வேலை பார்த்த கொட்டகை கிடங்காகிவிட்டது. விபத்து நடந்தால் இப்போது செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், யாரும் கோடு வரைவதில்லை. விபத்துகள் குறையவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மறைந்தது அந்தக் கண்கள்தான். ஐப்பசி மழையின்போது வேலுவுக்குப் பகல் ஷிப்டு கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமை செல்வி வழக்கம்போலத் தரையைத் துடைத்தாள். சாக்பீஸ் ஜன்னலில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. தரை தன்பாட்டுக்குக் காய்ந்தது.