சாயத்தண்ணீரும் புது மோட்டாரும்

தருவைகுளம் போகிற வழியில் ஒரு சாயப்பட்டறையில் எனக்கு வேலை. துண்டுக்கும் லுங்கிக்குமான நூலில் சாயம் ஏற்றியபின் மிஞ்சுகிற தண்ணீரைத் தெளிய வைப்பது என் பொறுப்பு. சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுக் கலக்கினால் சாயம் திரண்டு அடியில் இறங்கும். மேலே நிற்கும் தண்ணீரை மணலிலும் கரியிலும் வடித்து விடுவோம். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இது நல்ல வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை, அதுவே பெரிய நிம்மதி.

ஒரு பழைய படகுத் துடுப்பால்தான் கலக்கிக்கொண்டிருந்தேன். என் கைவலியைப் பார்த்து முதலாளி மோட்டார் பொருத்தினார். அன்றிலிருந்து மூன்று நாளாகத் தண்ணீர் சிவப்பாகவே நின்றது. நான்காம் நாள் மத்தியானம் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து சோதனைக்குத் தண்ணீர் எடுப்பார். சிவப்பாக இருந்தால் பட்டறையைப் பூட்டிவிடுவார்கள். பதினோரு பெண்களுக்கு வேலை போய்விடும்.

"படிகாரம் பத்தல" என்றார் முதலாளி. கூடுதலாகப் போட்டும் தெளியவில்லை.

எனக்குக் காரணம் தெரிந்தது. முதலில் வேகமாகக் கலக்க வேண்டும். திரளத் தொடங்கியதும் மெதுவாக. கைக்கு அது தானாக வரும், ஓய்ந்துவிடுமே. மோட்டார் ஓயாது. திரண்டதையெல்லாம் அதுவே அடித்து உடைத்தது.

நூல் உலர்த்துகிறவளிடம் சொன்னேன். அவளுக்கு நான் மயினி, அண்ணி முறை.

"ஏளா, நீ சொல்லேன் முதலாளிகிட்ட."

"ஏன் மயினி, ஒங்க வாயில கொழுக்கட்டையா இருக்கு?"

"ஆசையா வாங்கிப் போட்டாரு. கொறை சொன்னா கோவப்படுவாரு."

"தண்ணி செவப்பா நின்னா அதிகாரி வந்து மால போடுவாரோ?"

நான்காம் நாள் காலை, திரளத் தொடங்கியதும் மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுத்தேன். முதலாளி வந்துவிட்டார்.

"கரண்ட் போயிட்டா பெரியம்மா?"

"நாந்தான்..." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பின்னாலிருந்து நூல் உலர்த்துகிறவள்தான் கத்தினாள். "தெரளுறத மோட்டாரு ஒடைக்குதாம் அண்ணாச்சி! மூணு நாளா மயினி மனசுக்குள்ளயே வச்சிருக்கு."

முதலாளி குனிந்து தொட்டியைப் பார்த்தார். சிவப்புத் திட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

"மூணு நாளா தெரியுமா? நல்ல ஆளு போங்க!" என்று சிரித்துவிட்டார்.

அதிகாரி பாட்டிலை வெள்ளைக் காகிதத்தின் முன் பிடித்துப் பார்த்தபோது தண்ணீரில் லேசான மஞ்சள்தான் இருந்தது. பத்து நாளில் சோதனை முடிவு நல்லபடியாக வந்தது. பட்டறை ஓடுகிறது.

இப்போது மோட்டாரில் வேகத்தைக் குறைக்க ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். "எவ்வளவு மெதுவா பெரியம்மா?" என்று கேட்பார் முதலாளி. நான் காற்றில் கையைச் சுற்றிக் காட்டுவேன். அதைப் பார்த்து அவர் திருகுவார்.