பின்னால் வராத இரண்டு விரல்

ஒப்பாரிப் பெட்டி என்று அதற்குப் பேர் வைத்தவன் எவன் என்று பொன்ராஜுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவன் வாசலில் போய் நின்று நாலு கேட்டிருப்பார். ஆள் தெரியாமல் போனதால் அந்தக் கோபம் எஸ்டேட் முழுவதற்கும் பொதுவாகிவிட்டது. மேல் லயத்து வீடுகளும் அதே பேர்தான் சொன்னது, கீழ் லயத்து வீடுகளும் அதே பேர்தான் சொன்னது. எங்காவது சாவு விழுந்தால், "அந்த ஒப்பாரிப் பெட்டிக்காரரையும் வரச் சொல்லுங்கப்பா" என்பார்கள். ஒரு நல்ல காரியத்துக்கு ஒருத்தன் கூப்பிட மாட்டான். வருஷக்கணக்காக அவர் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்த விஷயம் இதுதான்.

அவர்கள் அப்படிச் சொன்னது ஆசீர்வாதத்தின் கிதாரை.

கிதார் என்றதும் நெஞ்சோடு அணைத்து வாசிப்பதை நினைக்க வேண்டாம். இது மடியில் மல்லாக்கப் படுத்திருக்கும். வலது கையால் கம்பியைத் தட்ட வேண்டும். இடது கையில் ஒரு வழுவழுப்பான இரும்புத் துண்டு இருக்கும், அதைக் கம்பிமேல் வைத்து நகர்த்த வேண்டும். அமுக்கக் கூடாது. அமுக்கினால் சத்தம் செத்துவிடும். தூங்குகிற பிள்ளைமேல் கை வைக்கிற மாதிரி வைத்தால் போதும்.

ஆசீர்வாதம் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைப் பாக்டரியில் ரோலர் மிஷினில் வேலை பார்த்தவர். பொன்ராஜ் அங்கேயே மிஷின் பழுது பார்க்கிற பிட்டர். ஆசீர்வாதம் முதலில் சாதா கிதார்தான் கோயிலில் வாசித்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் ஒரு நாள் ரோலர் அவருடைய இடது கையில் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் எடுத்துக்கொண்டது. கை ஆறியது. கிதார் சுவரில் தொங்கியது. அவர் மனைவி இன்பமேரி அதன்மேல் பழைய சேலை ஒன்றைப் போட்டு மூடிவைத்தாள், பார்க்கிறபோதெல்லாம் மனுசன் முகம் சுருங்கிவிடுகிறது என்று.

அப்புறம் ஒரு நாள் டீக்கடை ரேடியோவில், ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவே, இழுத்து இழுத்து ஒரு கிதார் வந்தது. ஆசீர்வாதம் கிளாஸைக் கீழே வைத்தார். டீயில் ஆடை படிந்தது, அவர் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் பொன்ராஜின் லேத் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, கம்பிமேல ஓட்டுறதுக்கு ஒரு இரும்பு கடைஞ்சு கொடு. அதுக்கு அஞ்சு விரல் வேணாம்னு தோணுது. ரெண்டும் பெருவிரலும் போதும்."

பொன்ராஜ் பழைய ஷாப்ட் துண்டு ஒன்றை லேத்தில் மாட்டி, முகம் தெரிகிற அளவுக்கு எமரித்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். கம்பிகளைக் கொஞ்சம் தூக்கி நிறுத்த, கழுத்துப் பக்கம் ஒரு பித்தளைக் கட்டையும் செய்து சொருகினார். முதல் மாசம் கேட்கச் சகிக்கவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி இதக் கேட்டிருந்தா மலையிறங்கி ஓடியிருப்பேன்" என்றாள் இன்பமேரி. ஆனால் சுவரில் கிடந்த சேலையை அவளே எடுத்துத் துவைத்து மடித்துவிட்டாள்.

கபிரியேல் ஆர்மோனியத்தோடு வந்து சேர்ந்தான். செல்லத்துரை தபேலா. மூன்றே பேர், பாடுகிறவர் யாரும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆளில்லாத கொழுந்துக் கொட்டகையில் உட்காருவார்கள். கேட்க பொன்ராஜ் ஒருத்தர்தான். கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து, பீடியைப் பற்றவைக்க மறந்து கேட்பார்.

அவருக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. காது மட்டும் உண்டு. பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று மிஷின் பக்கத்தில் நின்றே சொல்கிற காது அது. அந்தக் காதுக்கு ஒன்று பிடிபட்டது. மற்ற வாத்தியத்தில் ஒரு சுரம் முடிந்து அடுத்த சுரம் வரும். இதில் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகிற வழியும் கேட்கும். மலைரோட்டில் வளைவுக்கு வளைவு ஜீப் ஏறுகிற மாதிரி, சத்தம் ஏறிப் போகிறது தெரியும். மேலே போய் நின்றதும் இரும்பை லேசாக ஆட்டுவார், சுரம் நடுங்கும். அந்த இடத்தில் கபிரியேல் காற்றை அடக்கிவிடுவான். செல்லத்துரை விரல் நுனியால் மட்டும் தொடுவான். யாரும் முந்த மாட்டார்கள். அடுத்தவர் முடிக்கட்டும் என்று மூன்று பேரும் காத்திருக்கிற அந்த இடம்தான் பொன்ராஜுக்குப் பிடித்த இடம்.

ஆனால் அந்தக் கிதாரில் ஒரு முனகலும் இருந்தது. பாட்டுக்கு அடியில், தூரத்து வீட்டில் யாரோ அழுகிற மாதிரி. ஏன் என்று மதுரைப் பக்கம் போய் வந்த கபிரியேல்தான் கண்டுபிடித்துச் சொன்னான்.

"அங்க ஒருத்தர் வாசிக்கத பாத்தேன்ணே. இரும்புக்குப் பின்னாலயே மோதிர விரலும் சுண்டுவிரலும் கம்பியத் தடவிக்கிட்டே வருது. இரும்புக்கு அந்தப் பக்கம் மிச்சம் கெடக்க கம்பி சத்தம் போடாம அடக்குதுக்கு."

ஆசீர்வாதம் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். "எனக்குப் பின்னால வர ஆள் இல்லடே" என்று சிரித்தார். பொன்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை. மிஷின் தின்ற ரெண்டு விரலும் இப்படிச் சத்தமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

முதல் கல்யாணத்துக்குக் கூப்பிட்டது கங்காணி வீட்டில். பெண்ணை அனுப்புகிற நேரத்தில் ஆசீர்வாதம் மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தார். பெண்டுகள் எல்லாரும் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார்கள். அதுவரை பரவாயில்லை. அந்த மாசமே மாப்பிள்ளை போன ஜீப் பள்ளத்தில் விழுந்தது, ஆள் பிழைக்கவில்லை. மழை, வழுக்கல், டிரைவர் அவசரம், எதைச் சொல்லியும் சனம் கேட்கவில்லை. கிதார் முன்கூட்டியே அழுதுவிட்டது என்றார்கள். அன்று பிறந்ததுதான் அந்தப் பேர்.

அதற்குப் பிறகு இழவு வீட்டுக்காரர்கள் மட்டும்தான் வந்தார்கள். ஆசீர்வாதம் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. "சாவுக்கு அழுறதுக்கு ஆள் நெறைய இருக்கு, என்னிய விட்ருங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவார். அவருக்கு ஒரே ஆசைதான். ஒரு சந்தோஷ வீட்டில் உட்கார்ந்து, எடுத்த பாட்டை முடிக்க வேண்டும். இதைப் பொன்ராஜிடம் மட்டும்தான் சொன்னார், அதுவும் ஒரு தடவைதான்.

பொன்ராஜின் மகள் ஞானஜோதிக்குக் கம்பம்மெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்தில் கிதார் உண்டு என்று பொன்ராஜ் சொன்ன அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை.

"ஊருல பேண்டு இல்லையா, ரெக்கார்டு இல்லையா? பிள்ள வாழப் போற நேரத்துல அந்த எழவு வேணுமாக்கும்?" என்றாள் அவர் மனைவி செபமாலையம்மாள்.

"வாயக் கழுவிட்டுப் பேசுட்டி. அவரு என் அண்ணன் மாதிரி."

"அண்ணன்னா பந்தியில உக்காந்து சாப்புடட்டும். யாரு வேண்டாம்னா?"

பொன்ராஜ் பாக்டரிக்குப் போனார். எஸ்டேட்டில் கொடுத்த கம்பளியில் ஒரு துண்டை வெட்டி, இரும்புக்குப் பின்பக்கம் வால் மாதிரி ஒட்டினார். இரும்பு நகர்ந்தால் கம்பளி பின்னாலேயே கம்பியைத் தடவிக்கொண்டு போகும். ஆசீர்வாதம் இழுத்துப் பார்த்தார். முனகல் துப்புரவாக நின்றுபோயிருந்தது.

"வழுவழுன்னு போகுது, தம்பி" என்றார். இரும்பைத் திருப்பி அந்தக் கம்பளி வாலைப் பார்த்தார்.

கல்யாணத்தன்று பந்தலில் மூன்று பேரும் வாசித்தார்கள். ஒருத்தரும் அழவில்லை. மாப்பிள்ளையின் தாயார் செபமாலையம்மாளிடம், "நல்லாத்தான வாசிக்காரு. என்னமோ சொன்னீய?" என்று கேட்டாள். பையன்கள் விசிலடித்தார்கள். செல்லத்துரைக்கு வாயெல்லாம் பல். பொன்ராஜுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. நீலம் போட்டு வெளுத்த வேட்டி மாதிரி இருந்தது பாட்டு. அத்தனை சுத்தம். அதற்குள்ளே ஆசீர்வாதத்தைத் தேடினார், காணோம்.

ஆசீர்வாதமும் தேடியிருப்பார் போல. பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்ப எழுந்தபோது இரும்பைத் திருப்பினார், கம்பளியை நகத்தால் உரித்து மடிக்குக் கீழே போட்டார். பொன்ராஜைப் பார்த்து ஒரு தலையசைப்பு. மெதுவான பாட்டு எழுந்தது. வளைவுக்கு வளைவு ஏறியது. அடியில் அந்தப் பழைய முனகலும் கூடவே வந்தது. ஞானஜோதி நின்றுவிட்டாள். அவள் கண் நிறைந்தது, ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது. அதைப் பார்த்தது பொன்ராஜ் மட்டும்தான்.

"நிப்பாட்டுங்கய்யா!" மாப்பிள்ளையின் தாயார் போட்ட சத்தத்தில் பந்தலே திரும்பியது. "காலெடுத்து வைக்கிற நேரத்துல ஒப்பாரியா வைக்கிய?"

கபிரியேல் ஆர்மோனியத்தை மூடினான். ஆசீர்வாதம் பாதி ஏற்றத்தில் இரும்பைத் தூக்கிவிட்டார். பொன்ராஜ் வாயைத் திறந்தார். சம்பந்தி வீட்டுச் சனம் மொத்தமும் அவரைப் பார்த்து நின்றது. மகள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அதோடு ஞாயிற்றுக்கிழமைக் கொட்டகையும் ஓய்ந்தது. கபிரியேல் பாட்டுக் கச்சேரிக் கூட்டத்தோடு போய்விட்டான். விரல் போனபிறகு ஆசீர்வாதத்தைத் தூள் சலிக்கிற அறைக்கு மாற்றியிருந்தார்கள். வருஷக்கணக்காக உள்ளே போன தூள் இப்போது இருமலாக வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள்.

மழைவிட்ட ஒரு சாயங்காலம் இன்பமேரி ஆள் அனுப்பினாள். பொன்ராஜ் போனபோது ஆசீர்வாதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கிதார் பக்கத்திலேயே கிடந்தது.

"தம்பி, நான் போனதும் எல்லாப் பயலும் வருவான். பாவம் ஆசீர்வாதம், அவரு கிதார்லயே ஒரு பாட்டு வாசிங்கன்னு கபிரியேல்கிட்ட இதத் தூக்கிக் கொடுப்பாங்க. விட்றாத. மூச்சு நின்ன ஒடனே ஆறு கம்பியயும் லூசாக்கி எறக்கி வச்சிரு."

"சரிண்ணே."

"ஞானஜோதி முழுகாம இருக்கான்னு இன்பம் சொன்னா."

"ஆமாண்ணே."

"பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க அன்னிக்கு மறுபடி ஏத்து."

"ஏத்தி? யாரு வாசிக்கது? எனக்கு ஒரு எழவும் தெரியாதே."

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆசீர்வாதத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. இன்பமேரி தண்ணீர் கொடுத்து, அடங்கும்வரை முதுகைத் தடவினாள். அவர் விரலில்லாத கையால் பொன்ராஜின் கையைத் தேடிப் பிடித்து, அந்த இரும்பை அதில் வைத்தார்.

"ஒண்ணும் தெரிய வேண்டாம். நீ கடைஞ்ச இரும்புதான. மடியில படுக்கப் போடு. அந்தக் கம்பளிய ஒட்டாத. அமுக்காத, சும்மா வை. ஒரே ஒரு கம்பியத் தட்டி, மேல வரைக்கும் மெதுவா இழுத்துக்கிட்டுப் போ. ஒனக்குத்தான் அந்த ரெண்டு விரலும் இருக்கே, அத மட்டும் தூக்கிக்கோ, கம்பியில படவிடாத. பின்னால முனகும், முனகட்டும். எவளாவது நிப்பாட்டும்பா. நீ நிப்பாட்டாத, தம்பி."