நட்சத்திரத்துக்கு எக்ஸ்றே பார்த்த றொஷேல் அக்கா

உலகத்தில் எக்ஸ்றே பார்க்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். எல்லாரும் கை, கால், நெஞ்சாங்கூடு என்று சில்லறை வேலை செய்கிறவர்கள். நட்சத்திரத்துக்கே எக்ஸ்றே பார்க்கிற ஒரேயொரு மனிசி எங்கள் இலுப்பைக்கடவை றொஷேல் அக்காதான். அவர் ஓமென்று தலையாட்டிய பிறகுதான் வெள்ளிகள் முளைக்கின்றன என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன்.

அவர் என் பெரியம்மா மாக்கிறட்டின் மகள். சண்டைக்குப் பிறகு அகதி முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்து சாதாரண தரம் படித்தார். ஊருக்குத் திரும்பியபின் தகரக் கொட்டிலில் உயர்தரம். இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கடைசி வருடம். என்னைப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு கைவிட்டுவிட்டது. அதுவும் பாவம், எவ்வளவு காலம் தாங்கும்?

அக்கா ஆராய்கிற நட்சத்திரம் ஐந்து நாளுக்கு ஒருமுறை வீங்கிச் சுருங்குமாம். வீங்கி நிற்கும்போது எக்ஸ்கதிரும் கூடுகிறதா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்தக் கதிர் காற்றைத் தாண்டி நிலத்துக்கு வராது. அதனால் தொலைநோக்கியை விண்வெளியில் சுற்றவிட்டிருக்கிறார்கள். அது பிடித்த கணக்கை இணையத்தில் யாரும் இலவசமாக எடுக்கலாம்.

நட்சத்திரம் வீங்கிச் சுருங்கிய முதல் சுற்றில் கதிர் கூடியது தெரிந்தது. ஆனால் அவருடைய விரிவுரையாளர், "ஒருதரம் கூடினால் தற்செயலாயும் இருக்கும். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில கூடவேணும். இல்லாட்டி வேற தலைப்பு எடுங்கோ" என்று சொல்லிவிட்டார். அன்று பின்னேரத்துக்குள் அக்கா அவருக்கு மறுமொழி சொல்ல வேண்டும்.

மடிக்கணினித் திரை பாதி கறுத்துப்போனதால், அக்கா இரண்டாம் சுற்றின் இலக்கங்களை வாசிக்க நான் சதுரக்கோட்டுக் கொப்பியில் மணித்தியாலத்துக்கு ஒரு புள்ளி வைத்தேன். புள்ளிகள் ஏறிக்கொண்டே வந்தன. உச்சி வரவேண்டிய இடத்தில் எட்டு மணித்தியாலம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு இறங்கின. அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வீட்டில் தண்ணீர் நிறைய இருந்தது.

திரும்பி வரும்போது அவருக்குக் கண் சிவந்திருந்தது. கொப்பியில் எட்டுப் புள்ளிகள் வடிவாக உச்சிக்கு ஏறியிருந்தன.

"இது எங்கால வந்தது?"

"விட்டுப்போனதக்கா. நீங்கள் வடிவாப் பாக்கேல்ல."

"எடியே, அந்த எட்டு மணித்தியாலமும் தொலைநோக்கி பூமிக்குக் கிட்ட வாற நேரம். அங்க இருக்கிற கதிர்வீச்சு பழுதாக்கிப்போடும் எண்டு அது கண்ணை மூடிக்கொண்டுதான் வாறது. நீ ஞாயிற்றுக்கிழமை சுறா பிடிச்சிருக்கிறாய்!"

எங்கள் கரையில் ஞாயிறில் ஒரு வள்ளமும் இறங்காது. எல்லாரும் தேவாலயத்தில் பூசைக்குப் போய்விடுவார்கள். அதை மறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுயரச் சுறா பிடிபட்டது என்று புளுகிப் பெரியம்மாவைக் கரைக்கு ஓடவைக்கப் பார்த்து அகப்பட்டவள் நான்.

அக்கா எட்டையும் அழித்தார். அழித்தபின் முதல் சுற்றின் தாளை அதன் மேல் வைத்து, இரண்டையும் யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"இஞ்ச பார். ஏறின பக்கம் ஏறின பக்கத்தோட. இறங்கினது இறங்கினதோட. உச்சி மட்டுந்தான் இல்லை."

உடனே தொலைபேசி எடுத்தார். "சேர், நடுவில எட்டு மணித்தியாலம் இல்லை. ஆனா ரெண்டு சரிவும் பொருந்துது." பிறகு "ஓம் சேர்" என்று ஐந்து தரம். தலைப்பு மாற்ற வேண்டாமாம். இல்லாததை இல்லை என்றே எழுதட்டாம். அக்கா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

இறக்கிவிட்டுக் கொப்பியை மறுபடி பார்த்தார்.

"எல்லாப் புள்ளியும் பேனையால வச்சனீ. அந்த எட்டும் மட்டும் ஏன் பென்சில்? ஒரு தேய்ப்பில அழிஞ்சுபோச்சு."

"பேனையில மை முடிஞ்சுபோச்சக்கா."

அக்கா என் காதில் செருகியிருந்த பேனையை உருவி, என் உள்ளங்கையில் ஒரு கோடு கீறினார். நீலமாக, நல்ல தடிப்பாக விழுந்தது.