முறைக்காரன் மட்டும் மேடை ஏறலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பெண்டாட்டியை அடிக்கிறவனாக இருந்தேன். குடித்துவிட்டு அடித்தேன் என்று சொன்னால் நீங்கள் கொஞ்சம் மன்னித்துவிடுவீர்கள். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம், நான் குடிக்க மாட்டேன். குழம்பில் உப்புக் கூடினால் அடித்தேன், குறைந்தால் அடித்தேன். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லையா என்று எவனாவது கேட்டுவிட்டால் அன்றைக்கும் வந்து அடித்தேன். ஒரு தடவை அறைந்ததில் அவளுக்கு இடது காதில் சீழ் வைத்து, அந்தப் பக்கம் கேட்காமலே போய்விட்டது. அக்கம்பக்கத்தில் ஒருத்தரும் ஏனென்று கேட்டதில்லை. அடியாத மாடு படியாது என்று எடுத்துக்கொடுத்தவர்கள்தான் உண்டு.

அருப்புக்கோட்டையில் ஒரு பருத்திக் கிடங்கில் எனக்கு லோடுமேன் வேலை. பத்தாவது வரை படித்துவிட்டு மூட்டை தூக்குகிறோமே என்ற எரிச்சல் எப்போதும் உள்ளே புகைந்துகொண்டிருக்கும். அவள் திருச்சுழிப் பக்கத்துக்காரி, கிணறு வெட்டுகிற குடும்பம். பன்னிரண்டு வயதிலிருந்து, வெட்டின கல்லையும் மண்ணையும் கூடையில் சுமந்துகொண்டு, கைப்பிடி இல்லாத படியில் ஏறி ஏறி வளர்ந்தவள். என்னைவிட நாலு விரல் உயரம். தெருவில் சேர்ந்து போகும்போது நான் ரெண்டடி முன்னால் நடந்துவிடுவேன், அந்த நாலு விரல் வெளியே தெரியக் கூடாதென்று.

தொண்ணூறுகளின் நடுவில் ஊருக்குள் டிஷ் வந்தது. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன் மொட்டை மாடியில் பெரிய குடையை மல்லாத்தி வைத்து, தெருத்தெருவாக வயர் இழுத்து, கேபிள்காரனாகிவிட்டான். அதில் ஏதோ ஒரு வெளிநாட்டுச் சேனலில் சாயங்காலம் ஒரு போட்டி வரும். கம்பெனியே வைத்திருக்கிற பயில்வான்கள் ஒரு பக்கம், ஆணும் பெண்ணுமாக. எதிரே வருகிறவர்கள் நம்மைப் போலச் சாதாரண ஆட்கள். ரெண்டு உயரமான திண்டின் மேல் ஆளுக்கொருவராக நின்று, ரெண்டு முனையிலும் மெத்தை கட்டின கம்பால் மொத்திக்கொள்வார்கள். கீழே விழுந்தவன் தோற்றான். கிடங்கு ஆட்கள் அத்தனை பேரும் எதிர் டீக்கடையில் கூடிவிடுவோம்.

"யம்மாடி, அந்தப் பொம்பள தொடையப் பாருலே! நம்ம கிடங்குத் தூணு தோத்துரும்."

"ஏலே, அவகிட்ட ஒரு அடி வாங்குனா உங்கப்பன் பேரே ஒனக்கு மறந்துரும்லே."

எனக்கு அந்தப் போட்டி பிடித்திருந்தது. அடிப்பதற்கு ஒரு காரணமும் சொல்ல வேண்டாம், அதுதான் பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இதையே நம் ஊரில் எடுத்து நம் கேபிளில் போட்டால் என்ன என்று கேபிள்காரனுக்கு யோசனை வந்தது. கல்யாண வீடியோ எடுக்கிற ஆளைப் பிடித்தான். எங்கள் கிடங்கு மேஸ்திரியைப் பிடித்தான். கிடங்குக்குப் பின்னாலிருந்த பொட்டலில், கிணற்றுக்குள் இறக்குகிற சிமெண்டு உறைகளை ரெண்டிரண்டாக அடுக்கி, உள்ளே மணல் கொட்டி, ரெண்டு திண்டு தயார் பண்ணினோம். கீழே விழுகிறவனுக்குக் கழிவுப் பஞ்சு. மூங்கில் கம்பின் முனைகளில் பஞ்சு வைத்துச் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டினோம். தூக்கிப் பார்த்தால் உலக்கை கனம் இருந்தது.

பயில்வான்களைப் பொறுக்குகிற அன்றைக்கு லோடுமேன்கள் ஒவ்வொருத்தராகத் திண்டில் ஏறினோம். கீழேயிருந்து ரெண்டு பேர் கம்பால் தள்ளுவார்கள், விழாமல் நிற்கிறவன் பயில்வான். மூன்று பேர் தேறினார்கள். நான் ஏறினேன். ஒருத்தன் இடுப்பில் குத்தினதும் எனக்கு ஆத்திரம் வந்து அவனை எட்டி உதைக்கப் போனேன், தலைகுப்புற விழுந்தேன். பொட்டலே சிரித்தது. தூக்குச்சட்டியில் எனக்குச் சோறு கொண்டுவந்திருந்த என் பெண்டாட்டி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் பார்த்துவிட்டாள்.

"அக்கா, நீங்க வேணா ஏறிப் பாருங்களேன்" என்று கேபிள்காரன் வேடிக்கைக்குத்தான் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். அவளும் விழுந்தால் என் அசிங்கம் பாதி கழியும் என்று நினைத்தேன். "ஏறுடி" என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது நானேதான்.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். முழங்காலை லேசாக மடக்கி, கிணற்றுப் படியில் நிற்கிற மாதிரி நின்றாள். ரெண்டு பேர் தள்ளினார்கள். மூன்றாவது ஆளும் சேர்ந்து தள்ளினான். இம்மி நகரவில்லை. கேபிள்காரன் என்னிடம் வந்து, அத்தனை பேர் முன்னால், "அண்ணே, அக்காவ அனுப்புவீகளா?" என்று மரியாதையாகக் கேட்டான். முடியாது என்றால் ஏன் என்று கேட்பான். தலையாட்டினேன்.

ஆனால் ஒரு சிக்கல். அவளை எதிர்த்து நிற்கப் பொம்பளைகள் வர மாட்டார்கள். ஆம்பளைகள் வந்தால், கை தவறிப் பட்டால், எங்கள் சீமையில் ரெண்டு பேர் தெருவுக்கும் வெட்டுக்குத்தாகிவிடும். மேஸ்திரிதான் வழி சொன்னார். பங்குனிப் பொங்கலுக்கு முறைப்பெண்கள் முறைமாமன்கள் மேல் மஞ்சத்தண்ணி ஊற்றுகிறார்கள், விரட்டி விரட்டி அடிக்கவும் செய்கிறார்கள். அதற்கு எவனும் கோபித்துக்கொள்வதில்லை. "அதே சட்டத்த இங்கயும் வச்சிருவோம். அண்ணன் தம்பி முறை ஆகுறவன் ஏறக்கூடாது. மொறைக்காரன் மட்டும் ஏறலாம்."

அப்படியே வைத்தார்கள். வருகிறவன் மைக்கில் தன் ஊரையும் அப்பன் பாட்டனையும் சொல்லி, அவள் தனக்கு என்ன முறை என்று நிரூபிக்க வேண்டும். மதினி முறை, அத்தை மகள் முறை என்றால் ஏறலாம். அக்கா முறை என்று ஆகிவிட்டால் பேசாமல் இறங்கிவிட வேண்டும். அடேயப்பா, எத்தனை பேருக்கு எங்கெங்கோ அத்தைகள் முளைத்தார்கள்! மேஸ்திரி விசில் அடித்தால் ஆரம்பம், மறுபடி அடித்தால் முடிவு. ரெண்டு பேருமே விழாவிட்டால் யார் அதிக அடி போட்டதோ அவருக்கு ஜெயம். சனிக்கிழமை எடுத்ததை ஞாயிற்றுக்கிழமை கேபிளில் போடுவார்கள்.

முதல் வாரம் மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். கம்பைச் சுழற்றிக்கொண்டு பெரிய சிலம்பக்காரர் மாதிரிதான் ஏறினார். அவள் ஒரே வீச்சில் அவர் வாயில் போட்டாள். முன்பல் ஒன்று தெறித்துப் பஞ்சில் விழுந்து, அதை அவரே தேடி எடுத்தார். ரெண்டாவது வாரம் காரியாபட்டிக்காரப் பையன் ஒருத்தன், பஸ்ஸில் கிளீனர். விலாவில் வாங்கின அடியில் பஞ்சைத் தாண்டிப் போய் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. சத்தம் எனக்கே கேட்டது. ரத்தம் பார்க்கப் பார்க்கக் கூட்டம் விசிலடித்தது. எம்.ரெட்டியபட்டியிலிருந்தெல்லாம் பஸ்ஸைப் பிடித்து வந்தார்கள். சேலைக்கு மேல் கேபிள்காரன் கொடுத்த ஆம்பளைச் சட்டையும் மாட்டிக்கொண்டு, கம்பைத் தோளில் சாய்த்து, மூச்சு வாங்காமல் நிற்பாள். அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் நான் அவளை அடிப்பேன். முகத்தில் இல்லை, கேமராவுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து. முதுகில், தொடையில். சாயங்காலம் ஆம்பளைகளை உருட்டிவிட்டு வந்தவள், என் கைக்குக் கீழே மூச்சுக் காட்டாமல் குனிந்து நிற்பாள். அதுவும் எனக்கு எரிச்சல்தான். "மேடையில ஆடுற ஆட்டத்த இங்க ஆடேன்டி" என்பேன். ஆடமாட்டாள்.

கிடங்கில் ஆரம்பித்துவிட்டார்கள். "என்ன மாப்ள, வீட்டுல விசில் அடிக்கிறது யாரு?" பஜாரில் நடந்தால் சின்னப் பயல்கள், "அந்தக்கா வீட்டுக்காரரு போறாருடா" என்று கைகாட்டினார்கள். எனக்கென்று ஒரு பேர் இருந்ததே, அது எங்கே போனது? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ராத்திரி தூக்கமில்லை. ஒரே ஒரு தடவை, ஊர் பார்க்க, அவள் என் கம்புக்குக் கீழே விழ வேண்டும். விழுந்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

நாலாவது சனிக்கிழமை காலையில் அவளிடம் சொன்னேன், இன்றைக்கு நான் ஏறப்போகிறேன் என்று. அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு, நல்ல காது என் பக்கம் வருகிற மாதிரி திரும்பினாள்.

"வேணாம். வராதீக."

"ஏன், பயமா?"

"வீட்டுக்குள்ள நடக்கிறது வீட்டோட போகட்டும்னு இருக்கேன். நாலு பேரு முன்னாடி கம்பத் தூக்கிட்டு வந்தீகன்னா, அன்னையோட நான் எங்க ஊருக்குப் போயிருவேன். திரும்ப மாட்டேன். சொல்லிட்டேன்."

ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் பேசின நீளமான பேச்சு அது. நான் கேட்டிருக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. "போயிருவியோ? நீ போடி பாப்போம்" என்றேன்.

சாயங்காலம் மைக்கின் முன்னால் போய் நின்றேன். கேபிள்காரன் முகம் கறுத்துவிட்டது. "அண்ணே, நீங்களுமா? இது சரியா வருமா?" என்று மேஸ்திரியைப் பார்த்தான். கூட்டத்திலிருந்து ஒருத்தன் கத்தினான்: "என்னப்பா யோசன? புருசனுக்கு இல்லாத மொறையா!" அவ்வளவுதான், பொட்டலே அதிர்ந்தது. அத்தை மகன் ஏறலாம், கொழுந்தன் ஏறலாம், தாலி கட்டினவன் ஏறக்கூடாதா? சட்டப்படி சரிதான். மேஸ்திரிக்கு மறுக்க வழியில்லை. அவர் போட்ட சட்டமே அவரைக் கட்டிவிட்டது. நான் எதிர்த் திண்டில் ஏறினதும் விசில் அடித்தார்.

அவள் கம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எடுடி கம்ப!" என்று கத்தினேன். எடுக்கவில்லை. கூட்டம் சிரித்தது. விளையாடுகிறாள் என்று நினைத்தார்கள். நான் தோளில் போட்டேன். நகரவில்லை. இடுப்பில் போட்டேன். முழங்காலுக்குக் கீழே, ஆள் மடங்குகிற இடமாகப் பார்த்துப் போட்டேன். லேசாக மடங்கி நிமிர்ந்தாள். வலது தோளை முன்னே கொடுத்து, இடது கையால் அந்தக் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். வீட்டில் நிற்கிற அதே நிலை. அடி எந்தப் பக்கமிருந்து வரும், எவ்வளவு நேரம் வரும் எல்லாம் தெரிந்தவள் நிற்கிற நிலை.

சிரிப்பு நின்றுபோனது. அது எனக்குக் காதில் விழுந்தது. விழுந்தும் நிறுத்தவில்லை. விழுடி, விழுடி என்று நான் சொல்லிக்கொண்டே அடித்ததாகப் பிறகு சொன்னார்கள். எத்தனையோ அடிக்குப் பிறகு சாக்கின் கயிறு அவிழ்ந்து, பஞ்சு பறந்து, வெறும் மூங்கில்தான் என் கையில் இருந்தது. அதுவும் எனக்குத் தெரிந்தது. அவள் புருவத்தில் பட்டு, தோல் பிளந்து, ரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை, காதிலிருந்த கையை எடுக்கவும் இல்லை. ஒருத்தரும் ஏறி வந்து என்னைப் பிடிக்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் எப்படிப் போவது? மேஸ்திரி இரண்டாவது விசிலை அடிக்கும்போது அவருக்குக் காற்றே வரவில்லை. மூன்று தடவை ஊதின பிறகுதான் சத்தம் வந்தது.

அவள் விழவில்லை. ஆனால் அடி எல்லாம் என்னுடையது. சட்டப்படி ஜெயித்தது நான்தான். கேபிள்காரன் தரையைப் பார்த்துக்கொண்டே பரிசுக்கு வைத்திருந்த எவர்சில்வர் குடத்தை என் கையில் திணித்தான். அவள் இறங்கி, மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றி மடித்து அவனிடம் கொடுத்தாள். சேலைத் தலைப்பைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு, திருச்சுழி பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள். கூட்டம் ரெண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

மறுநாள் அதையும் கேபிளில் போட்டார்கள். போடமாட்டான் என்று நினைத்தேன், போட்டுவிட்டான். நான் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். நான் கம்பை ஓங்குகிறதற்கு முன்னாலேயே அவள் கை காதுக்குப் போகிறது. ஒவ்வொரு தடவையும் முன்னாலேயே. அதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. என் முகத்தையும் பார்த்தேன். அந்த முகத்தை ஆறு வருஷமாக அவள் ஒருத்திதான் பார்த்திருந்தாள். டீக்கடைக்காரர் எழுந்து வந்து டிவியை அணைத்துவிட்டு, "எந்திரிச்சுப் போயிருங்கண்ணே" என்றார். மாப்ள என்று கூப்பிடுகிற மனுஷன். காசையும் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து அவளைக் கூப்பிடப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு கிணற்று வேலையில் இருந்தாள். புருவத்தில் தையல் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்தாள். பயப்படவில்லை. வா என்று நான் எத்தனையோ விதமாகச் சொன்னேன், இனிமேல் கை வைக்க மாட்டேன் என்று அழக்கூடச் செய்தேன். அவள் கூடையில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில், அத்தனை நாளும் என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"ஒரு அடி. ஒரே ஒரு அடி நீ திருப்பி அடிச்சிருந்தா நான் விழுந்திருப்பேன். ஏன் அடிக்கல?"

"அடிச்சிருந்தா விழுந்திருப்பீக" என்றாள். "விழுந்திருந்தா ஊருல எல்லாரும், ஐயோ பாவம் அந்த ஆம்பளன்னுருப்பாக."

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு படியில் இறங்கினாள்.