சித்தப்பா மார்லின் பிடித்த மாலை

அந்தச் சனிக்கிழமை மாலை உங்கள் இரண்டு பேரையும் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தியது நான்தான். அதற்குப் பிறகு நீங்கள் கேட்டது அம்மா கத்திய சத்தம் மட்டும். அதை வைத்து ஆளுக்கொரு கதை கட்டி வைத்திருக்கிறீர்கள். சித்தப்பாவைச் சுறா கடித்தது என்று மூத்தவள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெரிய மீன் ஆளை விழுங்கிவிட்டது என்கிறான் சின்னவன். இரண்டும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தமிழ் வாசிக்க அலுப்பு என்று வைத்துவிடாதீர்கள், சின்னச் சின்ன வசனமாகத்தான் எழுதுகிறேன்.

சித்தப்பா எனக்கு ஒரே தம்பி. பிரிஸ்பேனில் பஸ் ஓட்டினார். அவருடைய டிப்போவில் சில பேர் வருடா வருடம் வடக்கே போய், பெரிய பவளப்பாறைத் தொடருக்கு வெளியே படகு பிடித்து மார்லின் மீனுக்குத் தூண்டில் போடுவார்கள். மார்லினுக்கு மேல்தாடை ஈட்டி போல நீண்டிருக்கும். அதிலே கறுப்பு மார்லின் என்றால் ஒரு மாட்டின் பாரம் வரும். அந்த முறை ஒருவருக்கு வர முடியாமல் போக, அந்த இடம் சித்தப்பாவுக்குக் கிடைத்தது. அவர் அதுவரை வள்ளத்தில் ஏறி மீன் பிடித்தவரே அல்ல. எங்கள் வீட்டில் மீன் என்றால் சந்தையில் வாங்குவதுதான்.

அது கந்தசஷ்டி நாட்கள். அம்மா இங்கே விரதம், சித்தி அங்கே விரதம். விரதத்தின் முதல் நாள், நான் வேலை செய்கிற ஜான்-டலோன் சந்தையில் பூசணிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு நிற்கும்போது சித்தி தொலைபேசி எடுத்தார்.

"அத்தான், இவர் சஷ்டிக்குள்ள மீன் பிடிக்கப் போறாராம். சொன்னாக் கேக்கிறாரில்லை."

"அவன் ஆரிட்டைக் கேட்டவன் பிள்ளை? போட்டு வரட்டும்."

"எனக்கு மனம் ஒரு மாதிரிக் கிடக்கு. படகிலயிருந்து உங்களுக்கு வீடியோ எடுப்பாராம். நான் பாக்க மாட்டன். நீங்கள் பாத்துக்கொண்டிருங்கோ. ஏதும் எண்டால் எனக்கு உடனை சொல்லவேணும். ஒளிக்கக்கூடாது."

"ஓம் பிள்ளை."

"இல்லை அத்தான், வடிவாச் சொல்லுங்கோ. ஒளிக்க மாட்டன் எண்டு."

அவர் அப்படி வற்புறுத்தியதற்குக் காரணம் இருந்தது. சித்தியின் அப்பா ஊரில் காலமானபோது எங்களில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கொஞ்சம் கடுமையாம், ஆஸ்பத்திரியிலாம் என்று இழுத்தோம். அது நம்மவர்களின் வழக்கம். தூரத்தில் இருக்கிறவருக்குச் சாவைப் பகுதி பகுதியாகத்தான் சொல்வோம். விமானம் ஏறப் போகிற நேரம், யாரோ தெரியாத ஒருவர் துக்கம் விசாரித்துத்தான் சித்திக்கு விஷயம் தெரிய வந்தது. அதனால் அன்றைக்குச் சந்தை இரைச்சலுக்குள் நின்று, "ஒளிக்க மாட்டன்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சனிக்கிழமை பின்னேரம் அம்மாவின் சகோதரர், கர்க்லாண்ட் மாமா, வந்திருந்தார். வெளியே மழை. மேப்பிள் சருகுகள் யன்னல் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தன. மாமாவின் தொலைபேசிக்குத்தான் அழைப்பு வந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று அதை அவர் எங்கள் ரிவித் திரையில் போட்டுவிட்டார். எங்களுக்கு இருட்டிவிட்டது, அங்கே ஞாயிறு காலை வெயில்.

நீங்கள் பார்த்தது நினைவிருக்கும். படகின் பின்பக்கம், நடுவில் தளத்தோடு பூட்டிய சுழல் கதிரை. அதில் வாரால் கட்டுண்டு உட்கார்ந்திருந்தார் சித்தப்பா. தன்னுடைய தொலைபேசியை எதிரே ஒரு கம்பியில் மாட்டிவிட்டிருந்தார். மேல்தட்டில் நின்ற கப்டனினதும் டிப்போக்காரர்களினதும் கால்கள் மட்டும் தெரிந்தன. சித்தப்பாவுக்குப் பக்கத்தில் படகில் வேலை செய்கிற ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். தடித்த கையுறை, இடுப்பில் கத்தி. உங்களைப் பார்த்துக் கையசைத்தார். எனக்கு அந்தக் கடலைத்தான் பிடிக்கவில்லை. பாறைக்கு மேலே தண்ணீர் வெளிர்பச்சை, அதை அடுத்துக் கோடு கீறியது போலக் கறுப்பு. படகு கறுப்புப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சான், என்ன, பல்லுப் புடுங்கிற கதிரையில ஏறி இருக்கிறாய்?" என்றார் மாமா.

சித்தப்பா எங்களை வெறுமனே பார்த்தபடி இருந்தார். பிறகுதான் சிரித்தார். படகின் இணையம் வானத்துக்குப் போய் வருவது; நாங்கள் சொல்வது அவரிடம் போய்ச் சேர ஒரு சுணக்கம் இருந்தது.

"புடுங்கிறது மீனுக்கு மச்சான், எனக்கில்லை."

"பிடிச்சால் கறிக்கு எவ்வளவு நாளைக்குக் காணும்?"

"விட்டிடுவம். முதுகில ஒரு அடையாளத்தைக் குத்திப்போட்டு விடுறது. கொல்லுறேல்லை."

"அப்ப என்னத்துக்குப் பிடிக்கிறியள்?"

"பிடிக்கிறதுக்குத்தான்!"

"சரி, சஷ்டிக்கு ஏத்த மீன்பிடி. முருகனும் கோவிக்க மாட்டார்."

அம்மா சிரிக்கவில்லை. "வாயில கொளுவி இழுக்கிறது புண்ணியமாக்கும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் மீன் பட்டுவிட்டது. தூண்டில் சக்கரம் கீச்சிட்டது. தடி வில்லாக வளைந்தது. சித்தப்பா கதிரையோடு சேர்த்து முன்னே இழுபட்டார். தூரத்தில் மீன் முழு உடம்போடு தண்ணீரை விட்டு எழும்பியபோது நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான். அதற்குப் பிறகு நெடுநேரம் அது எழும்பவில்லை. ஆழத்துக்குப் போய் நின்றுகொண்டது. சித்தப்பா இழுப்பார், சுற்றுவார், அது சுற்றியதையெல்லாம் திருப்பி இழுத்துக்கொண்டு போகும். அவருடைய பகிடி நின்றுபோனது. உதடு வெளிறிவிட்டது.

அப்போது சின்னவன் ரிவிக்குக் கிட்டப் போய், "அது என்ன?" என்று கேட்டான். படகுக்குப் பின்னால் தண்ணீருக்குள் மண்ணிற நிழல் ஒன்று மெல்லத் திரும்பியது. பக்கத்திலே இன்னொன்று. அந்தப் பெண்ணும் கண்டுவிட்டார். மேலே பார்த்துக் கப்டனுக்கு ஏதோ சொன்னார்.

"சுறா," என்றார் சித்தப்பா மூச்சு வாங்க. "களைச்ச மீனுக்குப் பின்னால வருவினமாம்."

அந்த இடத்தில்தான் நான் எழும்பி உங்களை அறைக்கு அனுப்பினேன். மீனைச் சுறா கிழிப்பதை நீங்கள் பார்க்கக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். வேறு ஒன்றும் என் மனதில் இல்லை.

நான் திரும்பி வந்தபோது மீன் படகுக்குக் கிட்ட வந்திருந்தது. தூண்டில் நூலின் நுனியில் பல முழ நீளத்துக்குத் தடித்த நைலோன் கயிறு இருக்கும். அது கைக்கு எட்டியதும் மிச்ச வேலை அந்தப் பெண்ணுடையது. கையுறைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பார், மற்றக் கையால் சுற்றி இழுப்பார். இழுத்த கயிறு வளையம் வளையமாகத் தளத்தில் விழுந்தது. கதிரையில் இருப்பவர் அசையாமல் இருக்கவேண்டுமாம். அதைப் படகு புறப்படும்போதே சொல்லியிருக்கிறார்கள்.

"மச்சான், தலையைக் காட்டு! கிட்டக் காட்டு!" என்று மாமா ரிவிக்கு முன்னால் துள்ளினார்.

சுணக்கத்துக்குப் பிறகு சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. தடியைக் கதிரையின் குழாயில் செருகிவிட்டு, வாரைக் கழற்றி எழும்பினார். அந்தப் பெண் திரும்பாமலே ஆங்கிலத்தில் இரு, இரு என்று கத்தியது எங்களுக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டது எங்கள் சத்தம்தான். கம்பியிலிருந்து தொலைபேசியைக் கழற்றினார். ரிவியில் அவருடைய நாடி, பிறகு வானம், பிறகு தண்ணீர்.

மீன் படகோடு ஒட்டிப் பக்கவாட்டில் கிடந்தது. கறுப்பு என்றாலும் விளிம்பில் நீலம் மினுங்கியது. கண் ஒரு சோசர் அளவு. அந்தக் கண்ணைக் காட்டத்தான் அவர் இன்னும் குனிந்தார். அப்போது படத்தின் கீழ் மூலையில் அவருடைய காலும் தெரிந்தது. றப்பர் செருப்பு. கணுக்காலைச் சுற்றிக் கண்ணாடி போன்ற நைலோன் வளையம்.

அம்மாதான் முதலில் கண்டார்.

"கயிறு! தம்பி, காலில கயிறு! காலை எடுங்கோ!"

நீங்கள் கேட்டது அந்தக் கத்தலைத்தான். நானும் கத்தினேன். ரிவியில் சித்தப்பா சிரித்துக்கொண்டு, "வடிவாத் தெரியுதோ மச்சான்? கண்ணைப் பாருங்கோ" என்று மாமாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் சத்தம் இன்னும் வழியில்தான் இருந்தது. அது போய்ச் சேர்ந்ததை நான் கண்டேன். படம் ஒரு கணம் அசையாமல் நின்று, கீழே திரும்பியது. அதே நேரம் மீன் வாலை அடித்தது. வானம், கம்பி, இருட்டு.

தொலைபேசி தளத்தில் குப்புற விழுந்துவிட்டது. சத்தம் மட்டும் வந்தது. பலகையில் ஓடுகிற கால்கள். இயந்திரத்தின் உறுமல் சட்டென்று அடங்கியது. ஆள் தண்ணிக்குள்ள என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கத்தினார். பிறகு இணைப்பே அறுந்துபோனது.

மாமா திரும்பத் திரும்ப எடுத்தார். மணிகூடப் போகவில்லை. மூத்தவள் கதவைத் திறந்து, செத்துவிட்டாரா என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் கதவை மூடினேன். என்னுடைய தொலைபேசி அடித்தது. சித்தி.

மாமா என் கையைப் பிடித்தார். "எடாதை மச்சான். முதல்ல என்னெண்டு தெரியட்டும்."

"சொல்லுறன் எண்டனான்."

"சரி, எடு. லைன் கட்டாப் போச்செண்டு மட்டும் சொல்லு. அது பொய்யில்லைத்தானே?"

பொய்யில்லைத்தான். எனக்கும் அந்தச் சொல்தான் வாயில் வந்து நின்றது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்தேன்.

"அத்தான், பூசை முடிஞ்சுது. மீன் பட்டதோ?"

"பட்டது பிள்ளை. காலில கயிறு மாட்டித் தம்பி கடலுக்குள்ள விழுந்திட்டான். அதோடை லைன் கட்டாப் போச்சு. இப்ப என்ன மாதிரி எண்டு எனக்குத் தெரியாது. நான் கடுமை எண்டு சொல்லேல்லை. தெரியாது எண்டுதான் சொல்லுறன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"சுறா நிண்டதோ?"

"நிண்டது."

"ஃபோனை வையாதையுங்கோ," என்றார். அவருடைய மூச்சு மட்டும் என் காதில். வெளியே மழை விட்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரிவி ஒலித்தது. திரையில் அந்தப் பெண்ணின் முகம், தலையெல்லாம் ஈரம். தொலைபேசியைத் திருப்பினார். சித்தப்பா தளத்தில் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே துவாய் சுற்றியிருந்தது. துவாய் சிவப்பாக இருந்தது.

"அண்ணை," என்றார். பல் கிட்டித்தது. "ஒண்டுமில்லை அண்ணை. சின்னக் காயம். அவளுக்குச் சொல்லிப்போடாதை."

சித்தி என் கைத் தொலைபேசிக்குள் இருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை, ஏசவில்லை.

"கால்விரல் அசையுதோ எண்டு கேளுங்கோ அத்தான்."

கேட்டேன். சித்தப்பா தன் காலைப் பார்த்தார். கண்ணை மூடி முயன்றார்.

"இல்லை," என்றார்.

"நான் லைனில நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ. எந்த ஆஸ்பத்திரிக்கு ஏத்தினம் எண்டும் கேளுங்கோ. நான் வெளிக்கிடுறன்."

மீன் ஓடிய வேகத்தில் சித்தப்பா படகின் விளிம்புக்கு மேலால் தூக்கியெறியப்பட்டு, தண்ணீருக்குக் கீழே இழுபட்டுப் போனாராம். அந்தப் பெண் தன் கையில் இருந்த சுற்றை விடாமல் படகோடு சாய்ந்து பிடித்து, மற்றக் கையால் எட்டி மீன் பக்கத்துக் கயிற்றை வெட்டியிருக்கிறார். விட்டிருந்தால் ஆள் ஆழத்துக்குப் போயிருப்பார். சுறாக்கள் மீனுக்குப் பின்னால் போனதால் தப்பினார் என்கிறார்கள். மீன் தப்பியதா என்று யாருக்கும் தெரியாது. நைலோன் கணுக்காலில் எலும்பு வரை இறங்கியிருந்தது. நரம்பைத் தைத்தார்கள். முழுதாகப் பொருந்தவில்லை. அந்தக் காலால் பஸ்ஸின் பிரேக்கை மிதிக்க முடியாது என்பதால் இப்போது டிப்போவில் உள்வேலை.

வருகிற கோடை விடுமுறைக்கு அவர்கள் இரண்டு பேரும் எங்களிடம் வருகிறார்கள். சித்தப்பா படியில் மெதுவாகத்தான் ஏறுவார், ஒரு கால் இழுபடும். உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அவரிடம் கேட்டால் ஒன்றுமில்லை, சின்னக் காயம் என்றுதான் சொல்வார். சித்தியிடம் கேளுங்கள்.