மஞ்சள் கோடு போட்ட பூட்ஸ்

முதுகில் ஆபரேஷன் செய்த பிறகு என் இடது பாதம் மரத்துப்போனது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகியிருந்தது. வெட்டித் தைத்தார்கள், நடக்கவும் முடிந்தது. விரல்களுக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. டொக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: இந்தக் கால் குளிரில் உறைந்தாலும் உனக்குத் தெரியாது, உறைந்தால் விரல்களை எடுக்க வேண்டிவரும், ஆகவே கண்ணால் பார்த்துக்கொள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். என் இடது கால் அழாத பிள்ளை.

அப்படிப்பட்டவன் பனிக்காலத்தில், நின்றபடி செய்யும் ஒரு வேலைக்குச் சைக்கிளில் போனது ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், என் முதுகோடு பஸ் ஆசனத்தில் இருந்து பாருங்கள் என்பதுதான். பஸ்ஸோ காரோ, நிமிர்ந்து இருந்தால் கால் மணித்தியாலத்தில் முதுகில் கத்தி இறங்கும். சாய்ந்து படுத்தால் நோகாது. இல்-பிசார் என்ற ஊரில் ஒரு பிரெஞ்சுக்காரர் படுத்தபடி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அண்ணை தன் வான் வண்டியில் என்னைப் பின்னால் படுக்கவைத்து அங்கே கூட்டிப் போனார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, நடுவில் வலையடித்த சாய்வு ஆசனம். பெடல்கள் மூக்குக்கு நேரே முன்னால். ஏறிப் படுத்தேன். முதுகு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றே வாங்கிவிட்டோம்.

அண்ணை என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். துறைமுகத்தில் கொள்கலன் இறக்கும் வேலை. என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவரும் அவர்தான், நக்கலடிக்கும் உரிமையும் அவருக்குத்தான். நான் அவருடைய வீட்டுத் தெருவில் முதல் சுற்று ஓட்டி வந்தபோது வாசலில் நின்று சொன்னார்:

"டேய், பாடையில போறவனுக்கும் தூக்க நாலு பேர் வேணும். நீ தனியவே போறாய்!"

அண்ணி உள்ளேயிருந்து, "வாயைக் கழுவுங்கோ" என்று சத்தம் போட்டார்.

கோடையில் ஒரு பிரச்சினையும் இல்லை. நவம்பர் வந்ததும் தெரிந்தது. சாதாரண சைக்கிளில் கால் கீழே கிடக்கும். இதில் கால் இரண்டும் உடம்புக்கு முன்னால், இடுப்பை விட உயரத்தில், வருகிற காற்றை உள்ளங்காலால் வாங்கிக்கொண்டு போகும். இரத்தமும் மேடு ஏற வேண்டும். போதாததற்கு, கால் பெடலை விட்டு நழுவினால் தரையில் பட்டு, ஓடுகிற வண்டி அதன் மேலேயே ஏறிக் கணுக்காலை முறித்துவிடும். உணர்ச்சி உள்ளவனுக்கு நழுவுவது தெரியும். எனக்குத் தெரியாது.

ஆகவே முதலில் கொளுவிப் பெடல் வாங்கினேன். சப்பாத்தின் அடியில் ஒரு இரும்புத் துண்டு, அது பெடலில் டக்கென்று பூட்டிக்கொள்ளும். கால் நழுவவே நழுவாது. ஆனால் அந்த இரும்பு வழியே குளிர் நேராகப் பாதத்துக்குள் இறங்கியது. குளிருகிறதா, இன்னும் ஒரு சொக்ஸ் போடு என்பது சூடான நாட்டிலிருந்து வந்தவனின் கணக்கு. மூன்று சோடி போட்டேன். இறுக்கமான சப்பாத்துக்குள் மூன்று சோடி நுழைந்தால் இரத்தம் எங்கே போகும்? வேலைக்குப் போய்க் கழற்றிப் பார்த்தால் விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. வலது கால் ஊரைக் கூட்டியது. இடது கால் வழமை போல வாய் திறக்கவில்லை.

மனைவி அழுதாள். "இந்தக் கோதாரியை வித்துத் துலையுங்கோ" என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. சைக்கிளை விற்றால் வேலை போகும், வேலை போனால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படித்தான் படுத்திருந்தேன். அதற்குத் திரும்பிப் போக எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அண்ணை வந்தார். கையில் அவருடைய பழைய துறைமுக பூட்ஸ். என் காலுக்கு இரண்டு அளவு பெரிது, உள்ளே கழற்றக்கூடிய தடித்த கம்பளி உறை.

"இதைப் போடு. எனக்குப் புதுசு தந்திட்டாங்கள்."

இரண்டு குதிகாலிலும் மஞ்சள் பெயின்றில் ஒரு கோடு. அது கொள்கலன்களுக்கு இலக்கம் எழுதும் பெயின்ற். எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் வாசலில் ஐம்பது சோடி கழற்றிக் கிடக்கும். இரண்டு முறை யாரோ அவருடையதை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு போட்ட கோடு அது.

அவ்வளவு பெரிய பூட்ஸ் கொளுவியில் நிற்காது. அண்ணை கொளுவிப் பெடல்களைக் கழற்றி எறிந்துவிட்டு, அகலமான பிளாஸ்டிக் பெடல் இரண்டைப் பூட்டினார். சாமான் இறுக்கிக் கட்டும் நாடாவை வெட்டி, குதிகாலுக்குப் பின்னால் ஒரு வளையம், பாதத்துக்கு மேலே ஒரு பட்டி. பூட்ஸுக்குள் விரல்கள் அசைய இடம் இருந்தது. ஒரே ஒரு சொக்ஸ். கால் என் கண்ணுக்கு முன்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொள் என்று டொக்டர் சொன்னதற்கு இதைவிட வசதியான சைக்கிள் உலகத்தில் இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சைக்கிள் ஓட்டினேன். அண்ணை ஒவ்வொரு பின்னேரமும் ஃபோனில் ஒரே கேள்வி கேட்பார்.

"கால் என்னவாம்?"

"ஒண்டும் சொல்லேல்லை அண்ணை."

"பொறு, பேந்து சொல்லும்."

அடுத்த ஆண்டு இலை உதிரும் காலத்தில் அண்ணை துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது மாரடைப்பு வந்து இறந்துபோனார். நான் அழவில்லை. நாலு பேரில் ஒருவனாகத் தூக்கக்கூட முதுகு விடவில்லை, பெட்டியில் கையை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மனதுக்குள் தொட்டுப் பார்த்தால் எதுவும் இல்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. மனைவியும் பிள்ளைகளும் யாரோ ஒருவரின் காரில் லசாலில் இருக்கும் அண்ணை வீட்டுக்குப் போனார்கள். நான் கால்வாய் ஓரமாக ஸ்னோவுக்குள் சைக்கிளில் போனேன். வாசலில் எல்லாரையும் போல பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சுவரில் சாய்ந்து இருந்தேன். அண்ணையின் உடுப்பு, சப்பாத்து எல்லாவற்றையும் அண்ணியின் கண்ணில் படாதபடி சொந்தக்காரர் முன்னமே அகற்றியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அண்ணி தேத்தண்ணித் தட்டோடு குசினியிலிருந்து வந்தவர் வாசலருகே நின்றுவிட்டார். மஞ்சள் கோடு. பூட்ஸிலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"அவர் எப்ப வந்தவர்?" என்று கேட்டார்.

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. யாரோ தட்டை வாங்கினார்கள், யாரோ அவரை அறைக்குள் கூட்டிப் போனார்கள். நான் புறப்படும்போது பூட்ஸ் வாசலில் இல்லை. வெளியே குப்பைப் பைகளுக்கு நடுவில், சாப்பிட்டு எறிந்த கடதாசிக் கோப்பைகளோடு ஒரு கறுப்புப் பையில் கிடந்தது. தட்டிப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

வேறு பூட்ஸ் தேடினேன். பட்டிக்குள் நுழைவது குளிர்ந்தது, குளிராதது பட்டிக்குள் நுழையவில்லை. அண்ணி வீட்டுக்குப் போகாமல் இருக்கவும் முடியாது, அவருக்கு ஸ்னோ அள்ள ஆள் இல்லை. ஒரு வழி கண்டுபிடித்தேன். சைக்கிளை கராஜுக்குப் பின்னால் விட்டு, முழங்கால் அளவு ஸ்னோவுக்குள் பூட்ஸ் தெரியாமல் நின்று அள்ளி முடித்து, பூட்ஸை ஆசனத்துக்குக் கீழே ஒளித்து, சொக்ஸோடு ஓடி வாசலுக்கு வருவேன். என் கெட்டித்தனத்தில் எனக்கே ஒரு மெச்சல்.

தை மாதம் ஒரு நாள், கடும் குளிர். பாதி வழியில் குசினிக் கதவு திறந்தது.

"தம்பி! உங்களுக்கென்ன விசரே? சொக்ஸோட ஸ்னோவுக்குள்ள வாறியள்!"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணி வீட்டுச் செருப்போடு இறங்கி, என் கால் தடத்தைப் பார்த்துக்கொண்டு கராஜுக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது மார்போடு அணைத்தபடி அந்த பூட்ஸ். வாசலில், முன்பு அண்ணை கழற்றி வைக்கும் மூலையில் வைத்தார். குனிந்து கம்பளி உறைகளை இழுத்து எடுத்து, உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

"ஈரம். காய வைக்கிறேல்லையே? அவர் ஒவ்வொரு நாளும் காய வைக்கிறவர்" என்று சொல்லி ஹீட்டருக்கு மேலே விரித்தார்.

பிறகு ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து, என் இரண்டு காலையும் அதற்குள் வைத்துவிட்டு எதிரே கதிரையில் இருந்தார். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹீட்டரில் ஈரக் கம்பளி நாறியது. அண்ணையின் நாற்றம் அது. அவருடைய வான் வண்டியில், வாசலில், பெடல் பூட்டிய ஞாயிற்றுக்கிழமையில் இருந்த நாற்றம்.

"கால் என்னவாம்?" என்று அண்ணி கேட்டார்.

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டு இரண்டு மாதத்துக்கு மேலாகியிருந்தது. மூக்கால் தண்ணீர் வடிந்தது.

"நோகுது அண்ணி."

"நோகட்டும்" என்றார்.

எந்தக் கால் என்று அவர் கேட்கவில்லை.